முதல் வீடு எது? செவிலியர் பயிற்சிக்கு ஜெர்மனி போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மருத்துவமனையிலிருந்து பயிற்சி ஒப்பந்தம் வந்துவிட்டது, ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்றிதழும் கையில் இருக்கிறது, விசாவுக்கான கோப்பை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒப்பந்தத்தோடு பெரும்பாலும் இன்னொரு தாளும் வரும். தங்குமிடம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டு இரண்டு கட்டங்கள் போட்டிருப்பார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று மாதக்கணக்கில் யோசித்த குடும்பங்கள்கூட இந்தத் தாளை அன்று இரவே நிரப்பி அனுப்பிவிடுகின்றன. "அங்கேதான் சித்தப்பா மகன் இருக்கிறானே" என்று ஒரு வீட்டில் முடிவாகிறது. "விடுதி என்றால் பாதுகாப்பு" என்று இன்னொரு வீட்டில் முடிவாகிறது. மூன்று ஆண்டுப் பயிற்சி நல்லபடியாக முடியுமா என்பதில் இந்தக் கட்டத்துக்கு, ஊரைவிடவும் மருத்துவமனையைவிடவும் பங்கு அதிகம் என்று நான் நம்புகிறேன்.

நான் அங்கே செவிலியர் பயிற்சி முடித்து வார்டில் வேலை பார்த்தவள். இப்போது சென்னையில் ஜெர்மன் மொழி சொல்லித்தருகிறேன். தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து படிப்பவர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வந்து கோடம்பாக்கத்தில் விடுதி எடுத்துத் தங்கிப் படிப்பவர்கள், நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் என்று பலரும் கடைசியில் என்னிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். இலக்கணத்தில் வரும் சந்தேகங்கள் அப்புறம்.

முதலில் பணக்கணக்கு. அரசு சார்ந்த மருத்துவமனைகளின் ஊதிய ஒப்பந்தப்படி, 2025ஆம் ஆண்டு நிலவரத்தில் செவிலியர் பயிற்சியின் முதல் ஆண்டு ஊதியம் மாதம் 1,400 யூரோவுக்குச் சற்று மேல். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் முதலான பிடித்தங்களில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கைக்கு வருவது 1,100 சொச்சம். பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையின் வாடகை நாடு முழுவதுக்குமான சராசரியில் 500 யூரோவை ஒட்டியிருக்கிறது. மியூனிக்கில் 800ஐ ஒட்டியும், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் 300 சுற்றியும் இருக்கிறது. ஆக, வீட்டுத் தேர்வில் 200 யூரோ முன்னே பின்னே போனால் ஊருக்கு அனுப்பும் பணம் அப்படியே மறைந்துவிடும். இதை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். மற்றதை யாரும் போடுவதில்லை.

மற்றது என்று நான் சொல்வது மொழியை. பி2 தேர்வில் எண்பது மதிப்பெண் வாங்கியவர்கள்கூட முதல் வாரம் காலை ஆறு மணிக்கு நடக்கும் பணி ஒப்படைப்பில் திணறுகிறார்கள். இரவுப் பணி பார்த்தவர் பன்னிரண்டு நோயாளிகளைப் பற்றிப் பத்து நிமிடத்தில், பாதிச் சொற்களை விழுங்கி, அந்த ஊர் வட்டார வழக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இந்தப் பயிற்சி குறைந்தது 2,100 மணி நேர வகுப்பும் 2,500 மணி நேர வார்டுப் பணியும் கொண்டது. முடிவில் அரசுத் தேர்வு: வெவ்வேறு நாட்களில் இரண்டிரண்டு மணி நேர எழுத்துத் தாள்கள் மூன்று, வாய்மொழித் தேர்வு, வார்டில் செய்முறைத் தேர்வு. இவை எல்லாவற்றிலும் உங்களைத் தாங்கப்போவது பேச்சு ஜெர்மன். வார்டில் அவசரத்தில் கற்க முடியாத அதை வீட்டு அடுப்படியில்தான் கற்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த வீட்டில் உங்களோடு ஜெர்மனில் பேசுவதைத் தவிர வேறு வழியே இல்லாத ஓர் ஆளாவது இருக்கிறாரா? வாடகை, பாதுகாப்பு, தூரம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஒரே ஒரு விஷயம் மட்டும் இதையும் முந்தும். அது முகவரிப் பதிவு.

முகவரிப் பதிவு

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் வரும். வங்கிக் கணக்கும் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வதிவிட அட்டையும் அந்த முகவரியை நம்பித்தான் நகரும். சம்பளமே அதன் பின்னால்தான் ஒழுங்குக்கு வரும். ஆகவே "தங்கிக்கொள், ஆனால் பதிவு மட்டும் வேண்டாம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும், அந்த வீடு உங்களுக்கு வீடு அல்ல.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் மூன்றும் பெரும்பாலும் தபாலில்தான் வரும்.

மருத்துவமனை விடுதி

பெற்றோருக்கு விடுதி என்றதும் கோடம்பாக்கத்து மகளிர் விடுதிதான் கண்ணில் நிற்கிறது: வாசலில் காப்பாளர், இரவு ஒன்பது மணிக்குப் பூட்டும் கேட், மூன்று வேளை மெஸ் சாப்பாடு. அங்கே இவற்றில் ஒன்றும் கிடையாது. உங்களுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி. குளியலறையும் சமையலறையும் பெரும்பாலும் பொது. ஒரே நடைக்கூடத்தில் ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். யார் எப்போது வருகிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பாடு நீங்களே சமைப்பதுதான். இதைப் பெற்றோரிடம் இங்கேயே திறந்து சொல்லிவிடுங்கள். அங்கே போய் வீடியோ அழைப்பில் பின்னணியில் ஒரு பையன் நடந்து போவதைப் பார்த்து அம்மா பதறுவதைவிட அது நல்லது.

ஆனால் விடுதியின் பலம் பெரியது. அறை ஒப்பந்தம் நீங்கள் சென்னையிலிருக்கும்போதே கைக்கு வருகிறது, விசாக் கோப்பில் தங்குமிடச் சான்றாகவும் அது உதவும். மருத்துவமனையே வீட்டைக் கொடுப்பதால் பதிவுச் சீட்டு சிக்கலில்லாமல் கிடைக்கும். வாடகை வெளிச்சந்தையைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரம். காலைப் பணி ஆறு மணிக்குத் தொடங்கும். வார நாளில் ஐந்தரைக்கு வரும் பஸ் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குத்தான் முதல் நடையைத் தொடங்கும் ஊர்கள் அங்கே ஏராளம். மருத்துவமனைகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அறைக்கு ஜனவரி மாதத்து ஞாயிறு அதிகாலையில் உள்ள மதிப்பை எந்த வாடகைக் கணக்கிலும் எழுத முடியாது.

மொழி விஷயத்தில் விடுதி எப்படி? இங்கேதான் நம்மவர்கள் தவறாக எடை போடுகிறார்கள். "விடுதியில் எல்லோரும் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஜெர்மன்காரர்களே இல்லை, அப்புறம் மொழி எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். மாலைப் பணி முடிந்து இரவு ஒன்பதரைக்கு அந்தச் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். ஓர் அடுப்பில் வியட்நாம் பெண் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்திருப்பாள். பக்கத்து அடுப்பில் மொராக்கோ பையன் கொண்டைக்கடலையைச் சூடாக்கிக்கொண்டிருப்பான். நீங்கள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் யார் தட்டில் யார் பால் வைத்தது என்று சிறு வாக்குவாதம் நடக்கும். மூவருக்கும் பொதுவாக இருப்பது ஜெர்மன் ஒன்றுதான். தப்பாகப் பேசினால் சிரிக்க அங்கே ஆள் கிடையாது, ஏனென்றால் மூவருமே தப்பாகத்தான் பேசுகிறீர்கள். வாய் திறக்கும் தைரியம் அங்கே வருகிறது. என் மாணவர்களில் சீக்கிரம் சரளமானவர்களுள் பலர் இப்படிப்பட்ட சமையலறைகளில் உருவானவர்கள்தான். உச்சரிப்பும் நயமும் பிறகு வரும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விடுதி கலப்பாக இருக்க வேண்டும். ஒரே முகவர் வழியாக இந்தியாவிலிருந்து மொத்தமாகப் பதினைந்து பேரை எடுத்த மருத்துவமனை என்றால், அந்தத் தளம் முழுவதும் தமிழும் மலையாளமும்தான் கேட்கும். மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் ஓர் ஆண்டு கழித்தும் பி2 இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே மருத்துவமனைக்கு எழுதும்போது, தளத்தில் வேறு எந்த நாட்டுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

விடுதியில் உண்மையான ஆபத்து வேறொன்று. கூரையும் வேலையும் ஒரே கையில் இருக்கின்றன. செவிலியர் பயிற்சியில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். உங்கள் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனால், வேறு பயிற்சி இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தருகிறது வதிவிடச் சட்டம். விடுதி அறை அவ்வளவு காலம் காத்திருக்காது. வேலை ஒப்பந்தத்தோடு கட்டிய அறையைப் பல இடங்களில் சில வாரங்களிலேயே காலி செய்யச் சொல்வார்கள். இதனால் விடுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறை ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை இங்கேயே தேடிப் படியுங்கள்: பயிற்சி முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? பதில் இரண்டு வாரம் என்றால், நான்கு வாரமாக மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். மரியாதையாகக் கேட்பவரை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. இரண்டு மாத வாடகையைக் கையிருப்பாக ஒதுக்கி வையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகு.

தாளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல விடுதிகளில் புகை உணரும் கருவிகள் நேரடியாகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். கடுகு, காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்து எழும் புகைக்கு அது கத்தும். வண்டி வந்துவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு. சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, சிறு தீயில் தாளியுங்கள். கதவைத் திறந்துவைத்தால் புகை நடைக்கூடத்துக்குப் போய் அங்கே இருக்கும் கருவியைத்தான் முதலில் எழுப்பும். விடுதிச் சாவியும் விளையாட்டல்ல. மொத்தக் கட்டிடத்துக்குமான சாவி தொலைந்தால் பூட்டுகளை மாற்றும் செலவு ஆயிரக்கணக்கான யூரோ வரை போகலாம். சாவி இழப்பையும் சேர்த்துக் காக்கும் பொறுப்புக் காப்பீடு மாதம் ஐந்து யூரோ அளவில் கிடைக்கிறது. முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.

பகிர்வு வீடு

மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கோர் அறையில் வாழ்வது அங்கே இளைஞர்களிடம் சர்வ சாதாரணம். 'வேகே' என்பார்கள். மொழி என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இதற்கு நிகர் கிடையாது. ஜெர்மன்காரர்கள் வீட்டில் எப்படிக் கோபப்படுகிறார்கள், எப்படிக் கேலி செய்கிறார்கள், துடைப்பம் யார் முறை என்று எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. வார்டில் ஒரு பாட்டி தன் மருமகளைப் பற்றிப் புலம்பும்போது உங்களுக்குப் புரிய வேண்டிய மொழி அதுதான்.

ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த அறையைப் பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாக வருபவரை நேரில் பார்த்து, தேநீர் கொடுத்து, பேசிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வீடியோவில் பேசுபவருக்கு வாய்ப்புக் குறைவு. அதைவிட முக்கியம், மோசடிக்காரர்கள் காத்திருப்பது இந்தச் சந்தையில்தான். படங்கள் பளிச்சென்று இருக்கும். வாடகை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும். உரிமையாளர் தற்சமயம் வேறு நாட்டில் இருப்பதாக எழுதுவார், முன்பணம் போட்டதும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்வார். சென்னையில் வீடு பிடிக்க டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய அப்பாக்களுக்கு இது இயல்பாகவே படுகிறது. அங்கே வீட்டைப் பார்க்கும் முன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் கேட்டாலே ஓடிவிட வேண்டும்.

முறையான வாடகையில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வெப்பமூட்டல் போன்ற செலவுகள் அந்தக் கணக்கில் சேராது. முன்பணத்தை மூன்று மாதத் தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் காலி செய்யும்போது மூன்று மாத முன்னறிவிப்பு என்பதே பொது விதி. தகுதிகாண் காலம் முடியும் முன் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். குடியேறும் நாளில் சுவர், தரை, சன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து, இருக்கும் குறைகளை ஒப்படைப்புத் தாளில் எழுதி வாங்குங்கள். குளிர்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டுச் சன்னலையும் மூடி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். முன்பணத்தில் கைவைக்க உரிமையாளருக்கு அது ஒன்று போதும். தினமும் சில நிமிடம் சன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுவது அங்கே வாடகைதாரரின் கடமையாகவே கருதப்படுகிறது.

யாரோடு சேர்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் இருக்கும் வீட்டில் விடியற்காலை நாலே முக்காலுக்கு எழும் பயிற்சிச் செவிலியர் நிம்மதியாகத் தூங்க முடியாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம் என்பது வழக்கம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் அதைச் சொல்லிச் சண்டை போடும் நிலையில் ஒரு புது ஆள் இருப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள், அல்லது வேறு துறையில் பயிற்சியில் இருப்பவர்கள் உள்ள வீட்டைத் தேடுங்கள். ஒரு சிறு சேமிப்பும் உண்டு: பொது வானொலி, தொலைக்காட்சிக்காக எல்லா வீடுகளும் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ வீட்டுக்கு ஒன்றுதான், ஆகவே பகிர்வு வீட்டில் பங்கிட்டுக் கட்டலாம். பொது நடைக்கூடத்தில் கதவு திறக்கும் விடுதி அறையோ தனி வீடாகவே கணக்கு, முழுத்தொகையும் உங்களுடையது.

தெரிந்தவர் வீடு

இதைப் பற்றிப் பேசும்போதுதான் பெற்றோருக்கு என்மேல் வருத்தம் வருகிறது. "நம் ஆள் இருக்கும்போது பிள்ளை ஏன் தனியாக இருக்க வேண்டும் மிஸ்?" என்பார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். முதல் நவம்பரில், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டி, வார்டில் ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்ட நாளில், கதவைத் திறந்ததும் "சாப்பிட்டாயா?" என்று தமிழில் கேட்கும் குரலுக்கு மாற்று கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வீட்டை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் தங்கினால் வார்டில் எட்டு மணி நேரம் ஜெர்மன், மீதிப் பொழுதெல்லாம் தமிழ். களைப்போடு வரும் மனம் எது எளிதோ அதைத்தான் பிடிக்கும். நான் சொன்ன அந்த ஓர் ஆள் இந்த வீட்டில் இல்லை. உறவுக்காரர் வீடு என்றால் கணக்கு இன்னும் சிக்கல். வாடகை வாங்கமாட்டார்கள், அதற்குப் பதிலாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், கடையில் இரண்டு மணி நேரம் நிற்கச் சொல்வார்கள். பயிற்சியாளர்கள் வாரம் 20 மணி நேரம் வரை பக்கவேலை செய்ய 2024 மார்ச் முதல் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது பதிவு செய்த, சம்பளச் சீட்டுள்ள வேலையாக இருக்க வேண்டும். மாமா கடை என்றாலும் கணக்கில் வராத வேலை சட்டவிரோத வேலைதான். அதில் ஆபத்துக்கு உள்ளாவது உங்கள் வதிவிட அனுமதி. அவர்கள் வாடகை வீட்டில் இருந்தால், நீங்கள் அங்கே குடியிருக்க உரிமையாளரின் சம்மதமும் வேண்டியிருக்கும். அதைக் கேட்கத் தயங்கித்தான் பலர் "பதிவு வேண்டாம்" என்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மனமாரச் சொல்ல வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து வேரூன்றிய ஈழத் தமிழர் குடும்பங்கள் மேற்கே ரூர் பகுதியிலும் ஸ்டுட்கார்ட் பக்கத்திலும் நிறைய இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து, பள்ளியில் படித்து, ஜெர்மனைத் தாய்மொழி போலப் பேசுகிறவர்கள். அப்படி ஒரு குடும்பம் முறையான ஒப்பந்தத்தோடு ஓர் அறையை வாடகைக்குத் தந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அம்மாவோடு தமிழ், பிள்ளைகளோடு ஜெர்மன். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று சொல்லித்தர அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. எல்லாவற்றையும் தாங்களே முட்டி மோதிக் கற்றவர்கள் அவர்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கோடையில் தேர்த் திருவிழா அன்று போனால், இந்தச் சமூகம் எவ்வளவு பெரியது என்று தெரியும். விடுதியில் இருந்துகொண்டே அங்கே போகலாம், அரிசியும் கறிவேப்பிலையும் அவர்கள் கடையில் வாங்கலாம், உறவு வளர்க்கலாம்.

இன்னும் இரண்டு

தனியாக வாழும் முதியவர் வீட்டில் வாடகைக்குப் பதில் உதவி செய்து தங்கும் திட்டம் பல நகரங்களில் இருக்கிறது. அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி என்பது பொதுக் கணக்கு. தோட்டவேலை, கடைக்குப் போவது, பேச்சுத்துணை போன்றவை இதில் சேரும். நோய்ப் பராமரிப்பு சேராது. மொழிக்கு அருமையான இடம். மெக்கட்ரானிக்ஸ், ஓட்டல் துறைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். செவிலியர் பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன். பகல் முழுவதும் முதியவர்களோடு வேலை பார்த்துவிட்டு வந்தபின் மனம் ஓய வேண்டும். என்ன விதி சொன்னாலும் கண்முன் ஒரு பாட்டி தடுமாறினால் நீங்கள் செவிலியராகத்தான் ஓடுவீர்கள்.

முகவர் ஏற்பாடு செய்யும் வீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் அறையில் மூன்று கட்டில், ஆளுக்குத் தனித்தனி முழு வாடகை, ஒப்பந்தம் முகவர் பெயரில் என்று வந்த கதைகளைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் வீட்டு உரிமையாளர் பெயரும் நேரடியாக இல்லை என்றால் விட்டுவிடுங்கள். முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, நேரில் போய் விசாரிக்கலாம்.

என் தீர்ப்பு

படிவத்தில் "வேண்டும்" என்ற கட்டத்தில் குறியிடுங்கள். முதல் ஆறு மாதம் விடுதி. பதிவு, வரி எண், வதிவிட அட்டை, தகுதிகாண் காலம் எல்லாம் அங்கிருந்தபடியே முடியட்டும். நான்காவது மாதத்திலிருந்து பகிர்வு வீடுகளைப் போய்ப் பாருங்கள். அதற்குள் ஊர் தெரிந்திருக்கும், எந்தப் பஸ் ஞாயிறன்று ஓடும் என்று தெரிந்திருக்கும், தேநீர் குடித்துக்கொண்டே உங்களைப் பற்றிச் சொல்ல ஜெர்மன் வந்திருக்கும். ஒரு கல்விப் பருவத்துக்கு மட்டும் வெளியூர் போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சாமான்களோடு சில மாதங்களுக்கு விடுவதுண்டு. முதலில் அப்படி ஒன்றில் இருந்து பார்ப்பது நல்லது. வீட்டு உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா, அந்த முகவரியில் பதிவு செய்யலாமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மியூனிக், பிராங்ஃபர்ட் போன்ற ஊர் என்றால் மாறவே வேண்டாம். பயிற்சி முடியும்வரை விடுதி அறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மொழிக்கு வேறு வழி தேடுங்கள்: ஊர் விளையாட்டுக் கழகத்தில் சேருங்கள், தேவாலயப் பாடகர் குழுவில் சேருங்கள். தளம் முழுவதும் நம்மவர்கள் என்றாலும் இதே யோசனைதான். உடன்பிறந்த அண்ணனோ அக்காவோ அதே ஊரில் முறையான வீட்டில் இருந்தால், மனம் தனிமையைத் தாங்காது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், அவர்களோடு இருங்கள். மொழி சற்றுத் தாமதமாக வரட்டும். பயிற்சியைப் பாதியில் விட்டுத் திரும்பியவர்களில் மொழியால் திரும்பியவர்களும் உண்டு, தனிமையால் திரும்பியவர்களும் உண்டு. யாருக்கு எது என்பதைப் பெற்றோரைவிடப் பிள்ளைகளே நன்றாக அறிவார்கள். ஆகவே அந்தத் தாளைப் பெற்றோர் நிரப்ப வேண்டாம், போகிறவர் நிரப்பட்டும். வீட்டார் மனம் ஆற ஒரு செய்தி சொல்லுங்கள். காலைப் பணி முடிந்து பிற்பகல் இரண்டரைக்கு அறைக்குத் திரும்பினால், சென்னையில் கோடையில் மாலை ஆறு, குளிர்காலத்தில் ஏழு. தினமும் பேச அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

படிவத்தோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள், ஜெர்மனிலேயே எழுதுங்கள். வார்டுக்கு நடந்து போக எத்தனை நிமிடம், அடுப்படி எத்தனை பேருக்குப் பொது, பயிற்சி நின்றால் காலி செய்ய எத்தனை நாள், பதிவுச் சீட்டை யார் தருவார், சாவியை யாரிடம் எத்தனை மணிக்கு வாங்குவது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். திங்கள் முதல் வியாழனுக்குள் காலையில் போய் இறங்கும்படி பாருங்கள். சனி, ஞாயிறுகளில் கட்டிடக் காப்பாளர் பெரும்பாலும் இருக்கமாட்டார், ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். கைப்பையில் ஒரு போர்வையும் இரண்டு வேளைக்கான உணவும் இருக்கட்டும். பல அறைகளில் மெத்தை இருக்கும், விரிப்பும் தலையணையும் இராது.